குறுக்குவிசையால் டெஸ்க்டாப் பின்னணிப் படத்தை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தியவுடன், நாம் ஒதுக்கி வைத்திருக்கும் கோப்புறையிலிருந்து அடுத்த படம் திரையின் பின்னணியாக வந்து அமர வேண்டும். வேலை இவ்வளவுதான். விண்டோஸ் 10, 11, லினக்ஸில் பரவலாகப் புழங்கும் டெஸ்க்டாப் சூழல்கள் (க்னோம், கேடிஇ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ போன்றவை), மேக் ஆகியவற்றில் இதைச் செய்பவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன.

படம் தானாக மாறும் வசதி ஏற்கெனவே இருக்கும்போது குறுக்குவிசை எதற்கு?

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதலே படவரிசை வசதி விண்டோஸுக்குள் இருக்கிறது. இன்றைய விண்டோஸில் 1 நிமிடம், 10 நிமிடம், 30 நிமிடம், 1 மணி நேரம், 6 மணி நேரம், 1 நாள் ஆகிய இடைவெளிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால், அங்கே படத்தை மாற்றுவது கடிகாரம். வெளிர்நிறப் படம் ஒன்று வந்து ஐகான்களின் பெயர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டாலும், திரையைப் பிறருடன் பகிரப் போகும் நேரத்தில் வீட்டுப் படம் ஒன்று வந்து நின்றாலும், கடிகாரம் மனமிரங்கும் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செட்டிங்ஸுக்குள் நுழைந்து நாலைந்து முறை சொடுக்க வேண்டும். குறுக்குவிசை இந்த அதிகாரத்தை நம் கைக்கு மாற்றுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். அதற்கான வழி கடைசிக் கேள்வியில் வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

இது ஒரே வேலை போலத் தோன்றினாலும் உள்ளே மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, விசை அழுத்தப்பட்டதைப் பிடிப்பது. இரண்டாவது, அடுத்து எந்தப் படம் என்று தீர்மானிப்பது. மூன்றாவது, அந்தப் படத்தைப் பின்னணியாக இடும்படி இயங்குதளத்திடம் சொல்வது. உதவி கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, எது பழுது என்று தெரியாமல் விழிப்பவர்கள்.

பின்னாலிருந்து முன்னால் வருவதே சரியான வரிசை. குறிப்பிட்ட ஒரு படத்தின் முழுப் பாதையைக் கொடுத்து, அதைப் பின்னணியாக இடும் ஒற்றைக் கட்டளையை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் சன்னலில்) முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அது வேலை செய்த பிறகு படத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதியைச் சேர்த்து, அதையும் டெர்மினலிலிருந்தே பத்து முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். விசையைக் கட்டுவது கடைசி வேலை. இந்த வரிசையில் போனால், எந்தக் கட்டத்தில் கோளாறு வந்ததோ அந்தக் கட்டத்தில்தான் பழுது இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைக்கும் சிறு நிரல்) எதுவும் எழுதாமல் முடியுமா?

ஓரளவுக்கு முடியும். விண்டோஸில் படவரிசையை இயக்கியிருந்தால், டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது சொடுக்கு செய்யும்போது அடுத்த பின்னணிக்குப் போகும் மெனு வரி கிடைக்கும். இது குறுக்குவிசை அல்ல என்றாலும் பலருக்கு இதுவே போதுமானது. லினக்ஸில் வெரைட்டி என்ற செயலியை நிறுவினால் அடுத்த படம், முந்தைய படம் ஆகிய இரண்டுக்கும் அதிலேயே தனித்தனிக் கட்டளைகள் உண்டு. அவற்றை அப்படியே விசைகளுடன் இணைத்துவிடலாம். எக்ஸ்எஃப்சிஇ பயன்படுத்துபவர்கள் அதன் டெஸ்க்டாப் நிரலையே நெக்ஸ்ட் என்ற தெரிவுடன் அழைக்கலாம். மேக்கில் ஷார்ட்கட்ஸ் செயலி இருக்கிறது. படங்கள் வரும் வரிசையைத் தாமே ஆள விரும்புகிறவர்களுக்கு மட்டுமே ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது.

விண்டோஸில் படத்தை மாற்றும் பகுதியை எப்படி எழுதுவது?

விண்டோஸில் பின்னணிப் படத்தின் பாதை ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புக் கிடங்கில், பயனருக்குரிய கன்ட்ரோல் பேனல் பிரிவின் டெஸ்க்டாப் உட்பிரிவில் வால்பேப்பர் என்ற பெயரில் சேமிக்கப்படுகிறது. அந்த மதிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் படம் மாறவில்லையே என்று தவிப்பவர்கள் பலர். ரெஜிஸ்ட்ரியில் எழுதுவது குறிப்பேட்டில் எழுதி வைப்பது போன்றது. அதை யாராவது எடுத்துப் படித்தால்தான் திரை மாறும். அந்த வேலைக்கென்றே யூசர்32 நூலகத்தில் சிஸ்டம் பாராமீட்டர்ஸ் இன்ஃபோ என்ற செயல்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. அதற்கு நான்கு மதிப்புகளைக் கொடுக்க வேண்டும்: பின்னணியை மாற்றுவதற்கான எண் 20, அடுத்து 0, பிறகு படத்தின் முழுப் பாதை, கடைசியாக 3. அந்த 3 என்பது இரண்டு கொடிகளின் கூட்டுத்தொகை: 1 என்றால் மாற்றத்தை நிரந்தரமாகச் சேமி, 2 என்றால் திறந்திருக்கும் மற்ற நிரல்களுக்கும் சொல். கடைசி மதிப்பை 0 என்று விட்டாலும் படம் மாறும், ஆனால் மறுமுறை உள்நுழையும்போது பழைய படமே வந்து நிற்கும். ‘மாறுகிறது, ஆனால் தங்குவதில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஓர் எண்தான்.

இதை அழைக்க மிக எளிய வழி, விசைகளுக்கு வேலை ஒதுக்கும் நிரலான ஆட்டோஹாட்கீ. விசையைப் பிடிப்பதும் செயல்கூற்றை அழைப்பதும் ஒரே கோப்பில் முடிந்துவிடும் என்பதே அதைப் பரிந்துரைக்கக் காரணம். அதில் கன்ட்ரோலுக்குத் தொப்பிக் குறி, ஆல்ட்டுக்கு ஆச்சரியக்குறி, ஷிஃப்ட்டுக்குக் கூட்டல் குறி, விண்டோஸ் விசைக்கு ஹாஷ் குறி என்று அடையாளங்கள் உண்டு. அவற்றை அடுத்து விசையின் பெயர், பிறகு இரட்டை முக்காற்புள்ளி, பிறகு செய்ய வேண்டிய வேலை. ஒரு எச்சரிக்கை: 2022 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மொழியின் இலக்கணம் மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளில் பல முதல் பதிப்புக்கு எழுதப்பட்டவை. அவற்றை ஒட்டியதும் பிழைச் செய்தி வந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் தயாரானதும் அதன் குறுக்குவழி ஒன்றை ஸ்டார்ட்அப் கோப்புறையில் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் தானாக ஓடத் தொடங்கும்.

வெளியிலிருந்து எதையும் நிறுவ விரும்பாதவர்கள் விண்டோஸுடனேயே வரும் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் இதே செயல்கூற்றை அழைக்கலாம். விண்டோஸின் பயனர் பதிப்புகளில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கோப்புகள் ஓடுவதற்கு இயல்பாகவே தடை இருக்கும். அந்தத் தடையைத் தற்போதைய பயனருக்கு மட்டும் ரிமோட்சைன்டு என்ற நிலைக்குத் தளர்த்தினால் போதும். முழுவதுமாகத் திறந்துவிடத் தேவையில்லை.

கோப்புறைக்கோ படத்துக்கோ தமிழில் பெயர் வைத்தால் படம் மாறுவதில்லை. ஏன்?

பழுது தமிழில் இல்லை, ஸ்கிரிப்ட் சேமிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, தொடக்க அடையாளம் (பிஓஎம்) இல்லாத யூடிஎஃப்-8 எழுத்துக்குறியீட்டுக் கோப்பைப் பழைய ஆன்சி குறியீட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அப்போது ‘மலைகள்’ என்று நீங்கள் எழுதிய கோப்புறைப் பெயர் அதற்குப் பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். அப்படியொரு கோப்புறை இல்லை என்று அது சொல்வதில் வியப்பில்லை. ஸ்கிரிப்டை ‘யூடிஎஃப்-8, பிஓஎம் உடன்’ என்ற வடிவில் சேமித்தால் சரியாகிவிடும். ஆட்டோஹாட்கீயின் இரண்டாம் பதிப்புக்கு இந்த அடையாளம் தேவையில்லை; முதல் பதிப்புக்குத் தேவை.

இரண்டாவது பொறி, பவர்ஷெல்லிலிருந்து செயல்கூற்றை அறிவிக்கும் வரியில் இருக்கிறது. அங்கே எழுத்துத்தொகுதியை யூனிகோட் என்று குறிக்காவிட்டால், சரியாகப் படிக்கப்பட்ட தமிழ்ப் பெயரும் போகும் வழியில் கேள்விக்குறிகளாகிவிடும். லினக்ஸில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் க்னோமில் பாதையைக் கோப்பு முகவரியாகக் கொடுக்க வேண்டியிருப்பதால், பெயரில் சதவீதக் குறியோ ஹாஷ் குறியோ இருந்தால் அவை முகவரியின் இலக்கணமாக எடுத்துக்கொள்ளப்பட்டுப் படம் காணாமல் போகும். அத்தகைய பெயர்களை மாற்றிவிடுவதே குறைந்த உழைப்பு.

விசையை அழுத்தும்போது கறுப்புச் சன்னல் ஒன்று மின்னி மறைகிறது. தடுக்க முடியுமா?

பவர்ஷெல்லைச் சன்னல் மறைந்த நிலையில் திறக்கும்படி சொன்னாலும் அது ஒரு கணம் தலைகாட்டத்தான் செய்யும். ஏனெனில் முதலில் சன்னல் உருவாகிறது; மறைக்கும் கட்டளை அதற்குப் பிறகுதான் படிக்கப்படுகிறது. முன்பெல்லாம் விபிஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றை இடையில் வைத்து இதைச் சமாளிப்பது வழக்கம். விபிஸ்கிரிப்டை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டதால், புதிதாக எழுதுபவர்கள் அந்த வழியைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆட்டோஹாட்கீயில் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

விண்டோஸ் குறுக்குவழிக் கோப்பின் பண்புகளிலேயே விசை கொடுக்கலாமே?

கொடுக்கலாம். கன்ட்ரோலும் ஆல்ட்டும் ஓர் எழுத்தும் சேர்ந்த விசைச் சேர்க்கை அங்கே கிடைக்கும். ஆனால், அந்தக் குறுக்குவழிக் கோப்பு டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் விசை வேலை செய்யும்; வேறு கோப்புறைக்கு நகர்த்தினால் விசை செத்துவிடும். சில கணினிகளில் அழுத்தியதற்கும் ஓடுவதற்கும் இடையே ஓரிரு நொடித் தாமதமும் தெரிகிறது.

லினக்ஸில் எந்தக் கட்டளையைப் பயன்படுத்துவது?

லினக்ஸுக்கென்று ஒரே விடை கிடையாது. பின்னணியை வரைவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அல்ல, டெஸ்க்டாப் சூழல். ஆகவே சூழலுக்குச் சூழல் கட்டளை மாறும்.

க்னோமில் ஜிசெட்டிங்ஸ் கட்டளைதான் வழி. பின்னணிக்கான அமைப்புத் தொகுதியில் படத்தின் முகவரிக்குரிய சாவியின், அதாவது பெயரிட்ட அமைப்பின், மதிப்பை மாற்ற வேண்டும். 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 முதல் இங்கே ஒரு குழி இருக்கிறது: ஒளிர்தோற்றத்துக்கு ஒரு சாவி, இருள்தோற்றத்துக்கு வேறொரு சாவி. இருள்தோற்றத்தை வைத்திருப்பவர் பழைய குறிப்பைப் பார்த்து முதல் சாவியை மட்டும் மாற்றுவார். கட்டளை பிழையின்றி முடியும். மதிப்பைத் திரும்பக் கேட்டால் புதிய பாதையையே காட்டும். திரையில் மட்டும் எள்ளளவும் மாற்றம் இருக்காது. கட்டளை பொய் சொல்லவில்லை, திரை பார்த்துக்கொண்டிருப்பது வேறு சாவியை. இரண்டு சாவிகளையும் எப்போதும் சேர்த்தே மாற்றும்படி எழுதிவிட்டால் எந்தத் தோற்றத்திலும் கவலை இல்லை.

கேடிஇ பிளாஸ்மாவில் பிளாஸ்மா-அப்ளை-வால்பேப்பர்இமேஜ் என்ற நேரடிக் கட்டளை இருக்கிறது. படத்தின் பாதையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

எக்ஸ்எஃப்சிஇயில் எக்ஸ்எஃப்கான்ஃப்-கொயரி வழியாகப் படத்தை மாற்றலாம். இங்கே சாவியின் பெயரில் திரையின் பெயரும் பணியிட எண்ணும் சேர்ந்தே வருவதால் ஒருவருடைய ஸ்கிரிப்ட் மற்றொருவருக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் கணினியில் சாவியின் பெயர் என்ன என்று ஊகிக்க வேண்டியதில்லை: அந்தக் கட்டளையைக் கண்காணிக்கும் நிலையில் ஓடவிட்டு, செட்டிங்ஸ் வழியாகக் கையால் ஒருமுறை படத்தை மாற்றினால், மாறிய சாவியின் முழுப் பெயரும் டெர்மினலில் வந்து விழும்.

ஐ3 போன்ற சன்னல் மேலாளர்களில் ஃபே என்ற சிறிய நிரலே போதும். கோப்புறையைக் காட்டி, கலைத்து எடுத்துத் திரை நிரம்ப இடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஃபே, திரையில் சன்னல்களைக் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11க்கு உரியது. அது வரைவது எக்ஸ்11இன் வேர்ச் சன்னல்மீது. அதற்கு மாற்றாக வந்த வேலேண்டில் அப்படியொரு சன்னலே இல்லை என்பதால், வேலேண்டில் ஓடும் சன்னல் மேலாளரான ஸ்வேக்கு மாறியவர்கள் ஃபேயை விட்டுவிட்டு ஸ்வேயின் அவுட்புட் கட்டளை வழியாகவே படத்தை இட வேண்டும்.

டெர்மினலில் சரியாக ஓடுகிறது, விசையை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. ஏன்?

இதுதான் மிக அதிகமாக வரும் கேள்வி. டெர்மினலில் நாம் தட்டும் வரியை முதலில் ஷெல் என்ற நிரல் படிக்கிறது. டில்டே (~) குறியை ஹோம் கோப்புறையாக விரிப்பதும், டாலர் குறியை அடுத்த அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஓட்டி விடையை அந்த இடத்தில் வைப்பதும், பைப் குறியால் ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றுக்கு ஊட்டுவதும் அதன் வேலைகள். க்னோமின் குறுக்குவிசைப் பெட்டியில் எழுதும் வரி ஷெல் வழியாகப் போவதில்லை. ஆகவே அந்தக் குறிகள் வெறும் எழுத்துகளாகவே நிரலிடம் போய்ச் சேர்கின்றன. டில்டே என்ற பெயரில் ஒரு கோப்புறையைத் தேடி அது கிடைக்காமல், எந்தச் செய்தியும் காட்டாமல் நிரல் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, அதற்கு இயங்கும் அனுமதி கொடுத்து, குறுக்குவிசைப் பெட்டியில் அந்தக் கோப்பின் முழுப் பாதையை மட்டும் எழுதுவதே தீர்வு. அதற்குப் பிறகும் ஓடாவிட்டால் ஸ்கிரிப்டின் முதல் வேலையாகத் தேதியையும் நேரத்தையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். விசையை அழுத்தியதும் அந்தக் கோப்பில் ஒரு வரி கூடினால் விசை சரி, உள்ளே பழுது. கூடாவிட்டால் ஸ்கிரிப்ட் அழைக்கப்படவே இல்லை. அரை மணி நேர ஊகத்தை இந்த ஒரு வரி மிச்சப்படுத்தும்.

மேக்கில் எப்படி?

2021இல் வந்த மேக்ஓஎஸ் மான்டரேயிலிருந்து ஷார்ட்கட்ஸ் செயலி மேக்கிலும் இருக்கிறது. கோப்புறையில் உள்ளவற்றை எடு, அவற்றிலிருந்து ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்தெடு, அதைப் பின்னணியாக இடு என்று மூன்று செயல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, விவரப் பலகத்தில் விசையைக் கொடுத்தால் போதும். ஆப்பிள்ஸ்கிரிப்ட் அறிந்தவர்கள் சிஸ்டம் ஈவென்ட்ஸ் வழியாக எல்லா டெஸ்க்டாப்களின் படத்தையும் மாற்றச் சொல்லலாம். முதல் முறை ஓடும்போது மேக் அனுமதி கேட்கும், அதை மறுத்துவிட்டால் பிறகு தனியுரிமை அமைப்புகளுக்குள் போய்த்தான் திரும்பக் கொடுக்க முடியும். ‘எல்லா டெஸ்க்டாப்’ என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் மாறுவது ஒவ்வொரு திரையிலும் அப்போது கண்முன் இருக்கும் வெளி (ஸ்பேஸ் எனப்படும் மெய்நிகர் டெஸ்க்டாப்) மட்டுமே. ஒளிந்திருக்கும் மற்ற வெளிகள் பழைய படத்துடனேயே இருக்கும்.

ஒரே கோப்புப் பெயரில் படத்தை மட்டும் மாற்றி எழுதும் உத்தி மேக்கில் சரிவராது. பாதை மாறவில்லை என்றால் படமும் மாறவில்லை என்று அது எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் வேறு பெயருள்ள கோப்பைக் கொடுக்க வேண்டும்.

எந்த விசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

வேறு எதற்கும் பயன்படாத விசையை. கன்ட்ரோலுடன் ஓர் எழுத்து என்ற சேர்க்கைகள் ஏறத்தாழ எல்லாமே ஏதாவதொரு செயலிக்குச் சொந்தமானவை. கன்ட்ரோல்-டபிள்யூவைப் பிடித்துக்கொண்டால் உலாவியின் தாவலை மூட முடியாமல் போகும். விண்டோஸ் விசையுடன் எல் சேர்ந்தால் திரைப்பூட்டு. அதில் கை வைக்க முடியாது. எஃப்12ஐ மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். விண்டோஸில் அது பிழைநீக்கிகளுக்கு ஒதுக்கப்பட்டது.

பல மொழி விசைப்பலகைகளில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்தால் வலது ஆல்ட் விசைக்குச் சமம், அதாவது அது கூடுதல் எழுத்துகளைத் தட்டும் வழி. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் தட்டுகிறவர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு: எழுத்தின் பெயரால் கட்டிய குறுக்குவிசை, சில கருவிகளில் தளவமைப்பு தமிழுக்கு மாறியதும் அடையாளம் தெரியாமல் போய்விடும். எஃப்9 போன்ற செயல்விசைகளுக்கு மொழி கிடையாது என்பதால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்9 என்று வைத்துக்கொண்டால் விண்டோஸில் நிம்மதி. லினக்ஸில் கன்ட்ரோல்-ஆல்ட்டுடன் வரும் செயல்விசைகள் வேறு கன்சோலுக்குத் தாவுவதற்கானவை; அங்கே சூப்பர் விசையுடன் எஃப்9 என்று வைப்பது பொருத்தம். எழுத்துவிசைதான் வேண்டும் என்றால் ஆட்டோஹாட்கீயில் விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணான ஸ்கேன் கோடைக் கொடுக்கலாம். டபிள்யூ விசையின் ஸ்கேன் கோடு பதினறும எண்ணில் 11. அதன்மேல் எந்த மொழியின் எழுத்து உட்கார்ந்திருந்தாலும் இது மாறாது.

நிறையப் படங்கள் இருந்தும் அதே படமே திரும்பத் திரும்ப வருகிறது. தற்செயல் தேர்வு பழுதா?

பழுது இல்லை; தற்செயல் என்பதே அப்படித்தான் நடந்துகொள்ளும். 20 படங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு அழுத்தலிலும் 20இல் ஒன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு அழுத்தல்களுக்குள் ஏதேனும் ஒரு படம் இரண்டாம் முறை வந்துவிடுவதற்கான வாய்ப்பு சுமார் 56 விழுக்காடு. இருபதையும் ஒருமுறையாவது பார்த்து முடிக்கச் சராசரியாக 72 முறை அழுத்த வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் தற்செயல் தேர்வைக் குறை சொல்ல மாட்டார்கள், அதைக் கைவிட்டுவிடுவார்கள்.

நமக்கு வேண்டியது தற்செயல் தேர்வு அல்ல, கலைத்த வரிசை. சீட்டுக்கட்டைக் கலைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதைப் போல, எல்லாப் படங்களின் பெயர்களையும் ஒருமுறை கலைத்துப் பட்டியலாக ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். மற்றொரு கோப்பில் ஓர் எண் மட்டும் இருக்கும்: இப்போது எத்தனையாவது வரியில் இருக்கிறோம் என்பது. பட்டியலில் கடல், பனை, மேகம், ஆறு, பாறை என்று ஐந்து படங்கள், எண் 3 என்றால் திரையில் இருப்பது மேகம். விசையை அழுத்தினால் எண் 4 ஆகும், ஆற்றின் படம் வரும். எண் 5ஐத் தாண்டும்போது மட்டும் கோப்புறையைப் புதிதாகப் படித்து, மறுபடி கலைத்து, 1இலிருந்து தொடங்க வேண்டும். இடையில் சேர்த்த புதிய படங்களும் அப்போது தாமாக உள்ளே வந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. பழைய சுற்றின் கடைசிப் படமே புதிய சுற்றின் முதல் படமாக அமைந்துவிட்டால் விசை வேலை செய்யாதது போலத் தோன்றும். அப்படி அமைந்தால் முதல் இரண்டு வரிகளை இடம் மாற்றிவிட வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து கோப்பு அழிக்கப்பட்டிருந்தால், கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்த வரிக்கு நகர வேண்டும்.

கலைப்பதை நீங்களே எழுத வேண்டியதில்லை. லினக்ஸில் ஷஃப் என்ற கட்டளை தயாராக இருக்கிறது. நீங்களே எழுதுவதானால் ஃபிஷரும் யேட்ஸும் 1938இல் கொடுத்த முறையின் கணினி வடிவத்தைப் பின்பற்றுங்கள்: கடைசி இடத்திலிருந்து மேல் நோக்கி வந்து, ஒவ்வோர் இடத்தையும் அந்த இடம் உட்பட இன்னும் கலைக்கப்படாத இடங்களில் தற்செயலாக ஒன்றுடன் மாற்றிக்கொண்டே போவது. ‘ஒவ்வோர் இடத்தையும் முழுப் பட்டியலில் ஏதோ ஒன்றுடன் மாற்று’ என்று எழுதுவது அதே போலத் தோன்றினாலும், சில வரிசைகள் மற்றவற்றைவிட அதிகமாக வரும்படி செய்துவிடும்.

வேகமாக அழுத்திவிட்டு, போன படத்துக்குத் திரும்ப முடியுமா?

கலைத்த பட்டியலும் எண்ணும் இருந்தால் இது இலவசம். ஷிஃப்ட் சேர்த்த இரண்டாவது விசை எண்ணை ஒன்று குறைத்தால் போதும். எடுத்த வரியைப் பட்டியலிலிருந்து அழித்துவிடும் எளிய முறையை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். அதில் திரும்பி வர வழி இல்லை.

இரண்டு திரைகளில் வெவ்வேறு படங்கள் வேண்டும்.

விண்டோஸில் சிஸ்டம் பாராமீட்டர்ஸ் இன்ஃபோவுக்குத் திரைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விண்டோஸ் 8 முதல் உள்ள ஐடெஸ்க்டாப்வால்பேப்பர் என்ற இடைமுகம் ஒவ்வொரு திரைக்கும் தனிப் படம் இடும். படவரிசை ஓடிக்கொண்டிருந்தால் அதை ஒரு படி முன்னே தள்ளவும் அதில் ஒரு செயல்கூறு உண்டு. ஃபேக்கு இரண்டு படங்களைக் கொடுத்தால் திரைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளும். க்னோமில் அந்த வசதி இல்லை என்பதால், இரண்டு 1920×1080 படங்களை இமேஜ்மேஜிக் என்ற கருவியைக் கொண்டு பக்கம் பக்கமாக ஒட்டி 3840×1080 அளவில் ஒரே படமாக்கி, எல்லாத் திரைகளிலும் படரும் தெரிவைப் பயன்படுத்துவதே வழி.

விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் படங்கள் தொடர்ந்து ஓடுகின்றன.

விசை அழுந்தியிருக்கும்வரை விசைப்பலகை அதையே மீண்டும் மீண்டும் அனுப்பும். விண்டோஸில் அதன் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 30. நான் முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் இதற்குத் தடுப்பு இல்லை. ஒரு நாள் தடித்த கோப்புக்கட்டு ஒன்று விசைப்பலகையின் ஓரத்தில் சாய்ந்துகொள்ள, திரை படச்சுருளைப் போல ஓடத் தொடங்கிவிட்டது. ஆட்டோஹாட்கீயில் விசை மேலெழும்வரை காத்திருக்கும் கீவெய்ட் வரியைச் சேர்த்தால் இது நின்றுவிடும். லினக்ஸில் எஃப்லாக் கட்டளையைக் காத்திருக்காத நிலையில் வைத்தால், முந்தைய ஓட்டம் முடியாதபோது வரும் அடுத்த அழைப்பு அமைதியாகத் திரும்பிப் போகும். இது வெறும் அழகுக்காக அல்ல. இரண்டு ஓட்டங்கள் ஒரே சமயத்தில் எண் கோப்பில் எழுதினால் அந்தக் கோப்பு வெறுமையாகிவிடவும் கூடும்.

படம் மாறச் சற்று நேரம் எடுக்கிறது. சில படங்கள் தெளிவில்லாமலும் இருக்கின்றன.

கோப்பின் அளவு சிறிதாக இருந்தாலும் திரையில் இடுவதற்கு முன் படம் முழுவதும் விரிக்கப்பட வேண்டும். 3840×2160 படம் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் சுமார் 33 எம்பி ஆகும். கேமராவிலிருந்து வந்த இதைவிடப் பெரிய படங்களை முன்கூட்டியே திரையின் அளவுக்குச் சுருக்கி வைத்தால் மாற்றம் உடனடியாக நடக்கும். தெளிவு குறைவதற்கு விண்டோஸில் ஒரு தனிக் காரணம் உண்டு: அது ஜேபெக் படங்களை 85 விழுக்காட்டுத் தரத்தில் மறுபடி சுருக்கி வைத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியின் அதே டெஸ்க்டாப் பிரிவில் ஜேபெக்இம்போர்ட்குவாலிட்டி என்ற பெயரில் 100 என்று ஒரு மதிப்பைச் சேர்த்தால் இதைத் தவிர்க்கலாம்.

கணினியை மறுபடி தொடங்கினால் பின்னணி போய்விடுகிறது.

விண்டோஸில் என்றால் முன்பு சொன்ன 3 என்ற எண்ணைச் சரிபாருங்கள். ஃபே தன் கடைசிக் கட்டளையை ஹோம் கோப்புறையில் ஃபேபிஜி என்ற மறைகோப்பில் எழுதி வைக்கிறது. தொடக்கத்தில் அந்தக் கோப்பை ஓட்டும்படி செய்ய வேண்டும். க்னோம் பாதையை நினைவில் வைத்திருந்தாலும் படத்தை அதன் அசல் இடத்திலிருந்தே படிக்கும். படங்கள் வெளிவன்தட்டில் இருந்து அது இணைக்கப்படாவிட்டால் வெறும் நிறம்தான் தெரியும். விண்டோஸ் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்வதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அலுவலகக் கணினியில் படம் மாற மறுக்கிறது.

நிர்வாகி குழுக் கொள்கை வழியாகப் பின்னணியைப் பூட்டியிருப்பார். சுற்றுவழி தேட வேண்டாம்; அவரிடம் கேளுங்கள்.

குறுக்குவிசையும் இருக்க வேண்டும், மணிக்கு ஒருமுறை தானாகவும் மாற வேண்டும். முடியுமா?

முடியும், அதே ஸ்கிரிப்டைக் கடிகாரமும் அழைக்கும்படி செய்தால் போதும். இயங்குதளத்தின் படவரிசை வசதியை மட்டும் நிறுத்திவிடுங்கள்; இல்லையென்றால் நீங்கள் இட்ட படத்தை அது தன் முறை வரும்போது மாற்றிவிடும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ‘பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓட்டு’ என்ற தெரிவு இருக்க வேண்டும். மற்றத் தெரிவில் வேலை உங்கள் திரைக்குத் தொடர்பில்லாத தனி அமர்வில் ஓடி முடியும்.

லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக க்னோம் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஒன்றும் மாறாது. ஜிசெட்டிங்ஸ் தன் செய்தியை டிபஸ் என்ற அமர்வுப் பாதை வழியாக அனுப்புகிறது. கிரானுக்கு அந்தப் பாதையின் முகவரி தெரியாது. முகவரியைச் சூழல் மாறியாக ஸ்கிரிப்டிலேயே எழுதலாம், ஆனால் சிஸ்டம்டியின் பயனர் டைமர் அந்த அமர்வுக்குள்ளேயே ஓடுவதால் அதுவே சுலபம். டைமர் படத்தை மாற்றும்போதும் அதே எண் கோப்புதான் நகர்கிறது என்பதால், அது கொண்டுவந்த படம் பிடிக்காவிட்டால் ஷிஃப்ட் சேர்த்த விசையை அழுத்திப் பழைய படத்துக்கே திரும்பிவிடலாம்.